கூட்டமான மருந்துக்கடையில் காத்திருப்பைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஓரளவு பெரிய எந்த மருந்துக்கடையிலும் நிற்க இடமிருக்காது. அலுவலகம் முடிந்து வருபவர்கள், மாடியிலுள்ள கிளினிக்கில் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டோடு இறங்கியவர்கள், மாத மருந்து வாங்க வந்த முதியவர்கள், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்மார்கள் என எல்லோரும் ஒரே கவுன்ட்டரின் முன் கூடுகிறார்கள். பெரும்பாலான கடைகளில் வரிசை என்று ஒன்று கிடையாது; கையை நீட்டிச் சீட்டைத் திணிக்க முடிந்தவருக்கே முதலில் மருந்து கிடைக்கிறது. ஒதுங்கி நின்றவருக்கு, அதிலும் நோயாளியோடு வந்தவருக்கு, கோபம் வராமல் இருந்தால்தான் வியப்பு.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மருந்துக்கடையில் ஆகும் நேரம் முழுவதும் ஒரே வகையானதல்ல. அதில் ஒரு பகுதி உண்மையிலேயே வீணாகிறது. மறுபகுதி தவறான மருந்து நம் கைக்கு வந்துவிடாமல் தடுப்பதற்காகச் செலவாகிறது. வீணாகும் நேரத்தை வாங்குபவரே பெருமளவு குறைத்துவிடலாம். சரிபார்ப்புக்கு ஆகும் நேரத்தில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டே எழுதப்பட்டவை.

முதல் படி: கவுன்ட்டருக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

"நாலு மாத்திரை எடுத்துக் குடுக்க இவ்ளோ நேரமா?" என்ற கேள்வி எந்தக் கடையிலும் காதில் விழும். அந்த நான்கு மாத்திரைக்குப் பின்னால் நடப்பவற்றை வரிசையாகச் சொன்னால் நேரம் எங்கே போகிறது என்பது விளங்கும். முதலில் டாக்டரின் கையெழுத்தைப் படிக்க வேண்டும். பின்பு மருந்தின் பெயரோடு அதன் வீரியத்தையும், அதாவது எத்தனை மில்லிகிராம் என்பதையும், பொருத்திப் பார்க்க வேண்டும். அலமாரியிலிருந்து எடுத்ததும் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். கணினியில் பில் போடும்போது மருந்தின் பெயரை மட்டும் தட்டினால் போதாது. அந்த அட்டையில் அச்சாகியிருக்கும் பேட்ச் எண்ணும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதைக் காட்டும் எண்) காலாவதியும் பில்லில் இருப்பவையும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டில் ஐந்து நாளுக்கு எழுதியிருந்து அட்டையில் 15 மாத்திரை இருந்தால் கணக்குப் பார்த்துக் கத்தரிக்க வேண்டும்.

இவற்றோடு சட்டம் விதிக்கும் வேலைகளும் உண்டு. 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் கீழ் வந்த 1945-ஆம் ஆண்டு விதிகள், சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டிய மருந்துகளை எச், எச்1, எக்ஸ் என்ற அட்டவணைகளில் வைத்திருக்கின்றன. இவற்றில் எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால் போன்ற மருந்துகளும், செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளும், காசநோய் மருந்துகள் பலவும் அதில் அடங்கும். இவற்றில் ஒன்றை விற்றால் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். எக்ஸ் அட்டவணை மருந்தென்றால் சீட்டு இரண்டு படிகளாக இருக்க வேண்டும். ஒரு படியைக் கடையே இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் நிற்பவர் தூக்க மாத்திரையோ வீரியமான ஆன்டிபயாடிக்கோ வாங்கினால், கடைக்காரர் எதையோ எழுதிக்கொண்டு நிற்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, டாக்டரின் சீட்டுக்கு மருந்து வழங்குவது பதிவு பெற்ற ஃபார்மசிஸ்டின் பொறுப்பு. ஆனால் பல கடைகளில் ஃபார்மசிஸ்ட் ஒருவராகவும் உதவியாளர்கள் மூன்று நான்கு பேராகவும் இருப்பார்கள். உதவியாளர்கள் எவ்வளவு வேகமாக அட்டைகளை எடுத்து வைத்தாலும், எல்லாம் அந்த ஒருவரின் கண்ணைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். நெரிசல் உண்மையில் அங்கேதான் உண்டாகிறது. அந்த ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தால் கடையே தளர்ந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வரிசையும் உண்டு. நாம் கவுன்ட்டரில் நிற்கும்போது ஊழியர் ஒருவர் யாரையும் கவனிக்காமல் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தால், அவர் பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பிலும் தொலைபேசியிலும் வந்த ஆர்டர்களைக் கட்டுகிறார். அந்த ஆர்டர்களைக் கொடுத்தவர்களும் நமக்கு முன்பே சீட்டு அனுப்பியவர்கள்தாம். இதை உணர்ந்தால் எரிச்சல் சற்றுத் தணியும். நாமும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளலாம் என்பதும் புலப்படும். அதை நான்காம் படியில் விளக்குகிறேன்.

இரண்டாம் படி: டாக்டரின் அறையை விட்டு வருவதற்குள் சீட்டைப் படித்துப் பாருங்கள்

கவுன்ட்டரில் ஆகும் தாமதங்களில் நம் கையிலேயே இருப்பவற்றுள் பெரியது இது. சீட்டில் ஒரு சொல் புரியவில்லையென்றால் ஊழியர் ஃபார்மசிஸ்டிடம் காட்டுவார், அவர் கிளினிக்கிற்கு ஃபோன் செய்வார், அங்கே டாக்டர் வேறொரு நோயாளியோடு இருப்பார். கிளினிக்கிலேயே கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மருந்தின் பெயரைத் தெளிவாகவும், முடிந்தால் பெரிய எழுத்துகளிலும், மூலப்பெயரை, அதாவது நிறுவனம் வைத்த விற்பனைப் பெயரை அல்லாமல் மருந்துப்பொருளின் பெயரை, குறிப்பிட்டும் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளில் 2016-இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. ஆகையால் "டாக்டர், இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதித் தர முடியுமா?" என்று கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் வெளியே அமர்ந்திருக்கும் உதவியாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கு அந்தக் கையெழுத்து பழகியிருக்கும்.

சீட்டில் நோயாளியின் பெயர், தேதி, டாக்டரின் கையொப்பம், ஒவ்வொரு மருந்துக்கும் வீரியம், ஒரு நாளில் எத்தனை வேளை, மொத்தம் எத்தனை நாள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் அடிக்கடி விடுபடுவது நாள் கணக்கு. 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று எழுதி நாளைக் குறிப்பிடாமல் விட்டால், ஐந்து நாளா, பத்து நாளா, ஒரு மாதமா என்று கடையில் பேச்சு நீளும். வீரியம் விடுபட்டால் அதைவிடச் சிக்கல். தைராய்டுக்கான தைராக்சின் மாத்திரை 25, 50, 75, 88, 100 மைக்ரோகிராம் என்று பல அளவுகளில் வருகிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினில் 500 மில்லிகிராம் என்ற ஒரே எண்ணில் சாதாரண மாத்திரையும், மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரையும் உண்டு. பெயர் ஒலியிலும் குழப்பம் நேர்வதுண்டு: மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் கிருமித்தொற்றுக்கு. வலிப்புக்குத் தரும் குளோபசாமும் குளோனசெபாமும் கிறுக்கலான எழுத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு கடையில் நான் பார்த்த நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. பாட்டி ஒருவர் தைராய்டு மாத்திரைக்குச் சீட்டையும் பழைய புட்டியையும் சேர்த்துக் கொடுத்தார். புட்டியில் 25 என்றும் சீட்டில் 75 என்றும் இருந்தன. ஃபார்மசிஸ்ட் இரண்டையும் பார்த்துவிட்டு, "பாட்டி, டாக்டர் டோஸை ஏத்துறேன்னு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். பாட்டிக்கு நினைவில்லை. ஃபார்மசிஸ்ட் டாக்டருக்கு ஃபோன் போட்டார், கிடைக்கவில்லை, மறுபடி போட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் சத்தமாகவே திட்டினார். கடைசியில் டாக்டர் பேசி, அளவைக் கூட்டியது உண்மைதான் என்று உறுதி செய்தார். மருந்து மாறவில்லை, நேரம்தான் போயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் கேள்வியைக் கேட்கும் ஃபார்மசிஸ்ட் இருக்கும் கடையில் காத்திருக்க நான் தயார்.

மூன்றாம் படி: வீட்டில் மீதமுள்ள மாத்திரையை எண்ணி வையுங்கள்

இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, இதயநோய் போன்றவற்றுக்கு நாள்தோறும் மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கடைசி மாத்திரை தீர்ந்த இரவில் கடைக்குப் போவதுதான் பெரிய துன்பம். அன்று கடையில் சரக்கு இல்லையென்றால் மறுநாள் காலை மருந்து தவறும். வலிப்பு மருந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, ஸ்டீராய்டு, இன்சுலின் ஆகியவற்றை ஒருநாளும் இப்படித் தவறவிடக் கூடாது.

ஏழு நாள் மருந்து மீதமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டைகள் சில பத்தாகவும் சில பதினைந்தாகவும் வருவதால் எல்லா மருந்தும் ஒரே நாளில் தீர்வதில்லை. இதனால்தான் பலரும் மாதத்தில் மூன்று நான்கு முறை கடைக்கு நடக்கிறார்கள். முதல் மாதம் மட்டும் மாத்திரைகளை எண்ணி, குறைவாக உள்ளவற்றைக் கூடுதலாக வாங்கிச் சமப்படுத்திவிட்டால், பிறகு ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கலாம்.

ஒரு தாளில் பட்டியல் எழுதி அதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மருந்தின் விற்பனைப் பெயர், மூலப்பெயர், வீரியம், வேளை, மாதத்துக்கு எத்தனை என்பவை அதில் இருக்கட்டும். நோயாளிக்கு ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் அதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதுங்கள். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு பெற்றோருக்கு மருந்து ஏற்பாடு செய்யும் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை. இருந்தாலும் பட்டியல் டாக்டரின் சீட்டுக்கு ஈடாகாது. நடப்பிலுள்ள சீட்டும் உடன் இருக்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு இதில் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வழக்கத்தைவிடப் பத்துப் பதினைந்து நாள் மருந்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற பகுதிகளில் தண்ணீர் வடியும்வரை வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மாத்திரைகளை நீர் புகாத உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

நான்காம் படி: கடையையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

முடிந்தவரை ஒரே கடையில் வாங்குங்கள். தள்ளுபடி ஓரிரு சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று மாதந்தோறும் கடை மாற்றினால், ஒவ்வொரு முறையும் புதியவராகவே நிற்க நேரும். ஒரே கடையில் வாங்கினால் கைப்பேசி எண்ணைச் சொன்னதும் பழைய பில் திரையில் வந்துவிடும். அரிதாக விற்கும் மருந்தையும் உங்களுக்காக வரவழைத்து வைப்பார்கள். வீட்டுக்கு மிக அருகிலுள்ள கடை என்பதைவிட, ஃபார்மசிஸ்ட் யார் என்று தெரிகிற கடையாகப் பாருங்கள். அவர் வெள்ளைக் கோட்டும் பெயர்ப்பட்டையும் அணிந்திருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை விதிமுறைகள் கூறுகின்றன.

மாலை நேரத்தையும், மாதத்தின் முதல் வாரத்தையும், திங்கட்கிழமையையும் தவிர்த்தால் பாதிச் சிரமம் நீங்கும். பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணிவரை கடைகள் ஓய்ந்திருக்கும். மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியிருந்தால் அதுவே ஏற்ற பொழுது. சித்திரை வெயிலில் முதியவர்கள் அந்நேரத்தில் வெளியே வருவது கடினம் என்பதால், அவர்களுக்குக் காலை பத்து மணிக்கு முன்பாகச் செல்வதைப் பரிந்துரைப்பேன்.

இப்போது பெரும்பாலான கடைகள் சீட்டின் படத்தை வாட்ஸ்ஆப்பில் பெற்றுக்கொள்கின்றன. நிழல் விழாமல், சீட்டின் நான்கு மூலையும் தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள். அதன் கீழே நோயாளியின் பெயர், எந்த மருந்து எத்தனை வேண்டும், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதை எழுதுங்கள். "இதில் எது ஸ்டாக் இல்லை என்று சொல்லுங்கள்" என்ற ஒரு வரியைச் சேர்க்க மறக்காதீர்கள், ஏனென்றால் பாதி வழி நடந்த பிறகு இல்லை என்று கேட்பதைவிட வீட்டிலிருந்தே வேறொரு கடையை விசாரிப்பது எளிது. நேரில் வரும்போது அசல் சீட்டைக் கொண்டுவாருங்கள். படத்தை அனுப்பிவிட்டதால் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை என்று வாதிடுவதில் பயனில்லை.

ஐந்தாம் படி: கவுன்ட்டரில் நிற்கும்போது

எல்லாவற்றையும் ஒரே முறையில் சொல்லிவிடுங்கள். சீட்டைக் கொடுத்து, பில் போட்ட பின்பு "அப்படியே ஒரு பாம், ஒரு பாக்கெட் பஞ்சு" என்று சேர்த்தால் பில்லை மறுபடி திறக்க வேண்டும். பின்னால் நிற்கும் அனைவரின் நேரமும் கூடும். பத்து நாளுக்குப் பதில் ஐந்து நாளுக்குப் போதும் என்றால் அதையும் சீட்டைக் கொடுக்கும்போதே கூறுங்கள். கைப்பேசியில் பணம் செலுத்துவதானால் தொகையைச் சொல்வதற்கு முன்பே செயலியைத் திறந்து வைத்திருங்கள்.

இன்சுலின் வாங்குபவர்கள் அதைக் கடைசியாகக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். முதலிலேயே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கூட்டத்தில் அரைமணி நேரம் நின்றால் அது தேவையில்லாமல் சென்னை வெப்பத்துக்கு ஆளாகும். குளிர்காப்புப் பையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ஐஸ்கட்டி நேராகப் படாமல் இடையில் ஒரு துணியை வையுங்கள், இன்சுலின் உறைந்தாலும் பயனற்றுப் போகும்.

அவசரம் என்றால் அவசரம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மூச்சுத்திணறலுக்கு இன்ஹேலர், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, குழந்தைக்குக் கடும் காய்ச்சல் என்றால் வரிசையில் உள்ளவர்களே வழிவிடுவார்கள். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "அண்ணா, குழந்தைக்கு ஜுரம் ரொம்ப அதிகமா இருக்கு, முதல்ல இத மட்டும் குடுங்க" என்று ஒரு வரி போதும். நோயாளிக்கு மூச்சுவிடவே முடியாத நிலை, பேச்சுக் குழறல், தாங்க முடியாத நெஞ்சுவலி என்றால் மருந்துக்கடையில் நிற்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

உங்களைத் தாண்டி மற்றவருக்குக் கொடுத்துவிட்டால், குரலை உயர்த்தாமல் "சார், இவங்களுக்கு முன்னாடியே நான் சீட்டு குடுத்துட்டேன், அடுத்து என்னோடத பாருங்க" என்று ஊழியரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். குறிப்பிட்ட கோரிக்கைக்குப் பதில் கிடைக்கும், பொதுவான வசவுக்குக் கிடைக்காது. சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபார்மசிஸ்டை மட்டும் அந்த நேரத்தில் விரட்டாதீர்கள். அவர் கவனம் சிதறினால் அதன் விளைவு யாருடைய பையிலோ போய்ச் சேரும்.

முதியவர்களை நிற்க வைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிப்பது. இரண்டு நாற்காலியும் எண் எழுதிய டோக்கன் அட்டைகளும் வைப்பதற்கு எந்தக் கடைக்கும் பெரிய செலவாகாது. உங்கள் கடையில் அவை இல்லையென்றால் உரிமையாளரிடம் நேராகவே கேளுங்கள். நாலைந்து வாடிக்கையாளர்கள் கேட்டால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள்.

ஆறாம் படி: கடையை விட்டு நகர்வதற்கு முன் சரிபாருங்கள்

நீண்ட நேரம் நின்றவர் பையை வாங்கியதும் கிளம்பிவிடவே விரும்புவார். அந்த நிலையில்தான் தவறுகள் கண்ணில் படாமல் வீட்டுக்கு வருகின்றன. மேசையின் ஓரமாக ஒதுங்கி நின்று, சீட்டையும் பில்லையும் அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

பெயருக்கு அடுத்து வீரியத்தைப் பாருங்கள். பிறகு எண்ணிக்கை, அதன்பின் காலாவதி. கத்தரித்த அட்டையில் காலாவதித் தேதி உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடுவதுண்டு; தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள், அல்லது முழு அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். உதிரியாக வாங்கும் மாத்திரைக்கு முழு அட்டையின் விலையை எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதிகம் விற்கும் 300 விற்பனைப் பெயர்களில் வரும் மருந்துகளின் உறையில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடு இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து மருந்தின் பெயர், பேட்ச், தேதி ஆகியவற்றை ஒத்துப்பார்க்கலாம்.

சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் மாத்திரையைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னால், அங்கே நின்று கேளுங்கள். எச், எக்ஸ் அட்டவணை மருந்துகளில் டாக்டர் எழுதியதற்கு மாற்றாகக் கடையே வேறொன்றைக் கொடுக்க விதிகள் இடம் தரவில்லை. மூலப்பொருளும் வீரியமும் ஒன்றாகவே இருக்கலாம், விலையும் குறைவாக இருக்கலாம். ஆனாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே மாற்ற வேண்டும். வலிப்பு மருந்திலும் தைராக்சினிலும் இதில் கூடுதல் கவனம் தேவை.

குழந்தைகளின் பாரசிட்டமால் மருந்தில் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிலிட்டருக்கே 120 அல்லது 250 மில்லிகிராம்தான் இருக்கும். சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் அளவு பல மடங்காகிவிடும். அதேபோல இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்று இருந்தால் சிவப்பு மூடியுள்ள ஊசியும், 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடியுள்ள ஊசியும் வாங்க வேண்டும். இவை மாறினால் உடலில் ஏறும் இன்சுலினின் அளவே தவறிவிடும்.

புதிய மருந்தென்றால் மூன்று கேள்விகளைக் கேட்காமல் நகராதீர்கள்: சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு சேர்த்துக்கொள்ளலாமா? ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது? இதற்குப் பதில் சொல்வது ஃபார்மசிஸ்டின் கடமை. பின்னால் கூட்டம் நிற்கிறதே என்று நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஏழாம் படி: அரசு மருத்துவமனை மருந்தகமும் பிற வழிகளும்

சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், இராயப்பேட்டை போன்ற இடங்களில் புறநோயாளிகளுக்கு மருந்து இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதல் செய்து அனுப்புகிறது. அங்கே சிரமம் கூட்டத்தின் அளவுதான். காலை முழுவதும் டாக்டரைப் பார்த்தவர்கள் அனைவரும் பதினொரு மணிக்கு மேல் ஒரே சமயத்தில் மருந்து வழங்கும் ஜன்னலுக்கு வந்து சேர்கிறார்கள். ஆகவே புறநோயாளிச் சீட்டை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் மருந்தும் கிடைக்கும். வரிசையில் நிற்கும் முன் முதியோருக்கோ மாற்றுத்திறனாளிகளுக்கோ தனி ஜன்னல் இருக்கிறதா என்று காவலாளியிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். கேட்காததால் பொது வரிசையில் நின்று தவிக்கும் பெரியவர்கள் பலர்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மட்டும் மாதந்தோறும் பெரிய மருத்துவமனைக்குப் போகிறவர்கள், தங்கள் பகுதியிலுள்ள மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அதே மருந்து கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த நோய்களுக்கான மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்; நடக்க இயலாத முதியவர்களின் பெயரை அந்த நிலையத்திலேயே பதிந்துகொள்ளலாம்.

பணம் கொடுத்து வாங்குபவர்களுக்கு மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலமெங்கும் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் உள்ளன. மூலப்பெயரில் விற்கும் ஜெனரிக் மருந்துகள் இங்கே கிடைக்கும், விலை வெகுவாகக் குறையும். ஆனால் சீட்டில் விற்பனைப் பெயர் மட்டும் இருந்தால் மூலப்பெயரைத் தேடவே நேரம் போகும். டாக்டரிடம் மூலப்பெயரையும் எழுதி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எட்டாம் படி: தாமதம் தவறாக மாறும்போது

சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் தர மறுப்பது, பழைய சீட்டுக்குத் தூக்க மாத்திரை தர மறுப்பது, டாக்டருக்கு ஃபோன் செய்து கேட்பது ஆகிய எதுவும் புகாருக்குரிய குற்றமல்ல. அவை கடை தன் கடமையைச் செய்வதன் அடையாளம்.

மருந்து இருந்தும் இல்லை என்பது, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது, பில் தர மறுப்பது, காலாவதியானதைக் கொடுப்பது, ஃபார்மசிஸ்டே இல்லாமல் கடை நடத்துவது ஆகியவை வேறு வகை. கையிருப்பிலுள்ள மருந்தை முறையாகக் கேட்டு வருபவருக்கு விற்க மறுக்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது. முதலில் உரிமையாளரிடம் பேசுங்கள். பல கிளைகளுள்ள நிறுவனமானால் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் தீரவில்லையெனில் விலை, பில் தொடர்பான புகாரைத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். மருந்தின் தரம், காலாவதி, ஃபார்மசிஸ்ட் இல்லாமை ஆகியவற்றைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத வேண்டும். அரசு மருத்துவமனை தொடர்பான குறையைச் சுகாதார உதவி எண் 104-இல் தெரிவிக்கலாம்.

புகாரில் கடையின் பெயர், முகவரி, நாள், நேரம், மருந்தின் பெயர், பேட்ச் எண், நடந்தது என்ன என்பவற்றை மட்டும் எழுதுங்கள். பில்லின் படத்தையும் அட்டையின் படத்தையும் இணையுங்கள். சந்தேகத்துக்குரிய மருந்தைத் தூக்கி எறிந்துவிடாமல் உறையோடு தனியே எடுத்து வையுங்கள். ஆய்வாளர் கேட்கும்போது காட்ட அது வேண்டும். பில்லின் எழுத்து வெப்பத்தில் சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து, மருந்துப் பட்டியல் இருக்கும் அதே இடத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.